மூணாவது டேங்க்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. மூணாவது டேங்க். திண்டிவனம் லோடு வண்டி ஸ்டாண்டில் பிறந்து, பஸ் ஏறி எங்கள் காலனிக்கும் வந்து சேர்ந்த பெயர். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றால் பின்னாலிருந்து யாராவது, "மூணாவது டேங்க் ஊட்டுக்கு மண்ணெண்ண எதுக்கு?" என்பார்கள். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த செய்தி பரவியபோது, "மூணாவது டேங்க் படிக்கப் போவுதாம்" என்றார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது. எனக்குத் தெரியும். அது பிறந்தபோது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா அப்போது வானூர் பக்கத்து விவசாயி ஒருவரிடம் டிரைவர். அவரை அப்பா முதலாளி என்பார். நிலம், பம்புசெட், சவுக்குத் தோப்பு எல்லாம் உள்ளவர். அவருடைய பிக்கப் வண்டி ஏற்கெனவே பழையது. வெள்ளைப் பெயிண்ட் மஞ்சளாகி, டீசல் காட்டும் முள் எப்போதோ செத்துப்போய், அப்பா கைக்கு மட்டும் அடங்கிய வண்டி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை, சவுக்குக் கட்டை, கோடையில் தர்பூசணி என்று எதையாவது ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பாண்டிச்சேரியில் டீசல் விலை குறைவு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எல்லை கூப்பிடு தூரம். போகும்போதெல்லாம் நிறைய நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. உடைத்துப்போட்ட ஒரு லாரியின் டேங்கை வாங்கி, திண்டிவனத்தில் ஒரு கொட்டகை மெக்கானிக்கிடம் கொடுத்து, பிக்கப்பின் இடது பக்கம் லோடு ஏற்றும் தொட்டிக்கு அடியில் இரும்புப் பட்டை போட்டுத் தொங்கவிட்டார். மெயின் டேங்க், ரெண்டாவது டேங்க். எதிலிருந்து டீசல் எடுப்பது என்று மாற்ற, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு வால்வு.

அந்த வேலை நடந்த சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"மெக்கானிக்கு ரெண்டு வால்வு போடணும்ன்றான். எடுக்கறதுக்கு ஒண்ணு, திரும்பறதுக்கு ஒண்ணாம். மொதலாளி ஒரே போடா போட்டாரு. 'ஏண்டா, கெணத்துல இருந்து எறைக்கிற தண்ணி கெணத்துக்கா திரும்பும்? யார்கிட்ட காது குத்தற?'ன்னாரு. ஒரே வால்வுதான் போட்டான்."

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் முதலாளி சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். அப்பா வீட்டுக்குள்ளேயும் அவரை 'அவரு' என்றுதான் சொல்வார். 'வந்தாரு, சாப்ட்டாரு, திட்னாரு.' முதலாளி அப்பாவை, அவர் எதிரிலும் சரி, எங்கள் எதிரிலும் சரி, 'அவன்' என்றார். அதை யாரும் கவனித்ததாகவே நினைவில்லை. கூரைக்கு அடியில் தரை இருப்பது மாதிரி அது இருந்தது.

முதலாளி ஒரு சட்டம் போட்டிருந்தார். மெயின் டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். ஓட்டுவது ரெண்டாவது டேங்கில்தான். வீட்டில் குதிர் நிறைய நெல்லை வைத்துவிட்டு மூட்டையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற ஆள், வண்டியையும் அப்படியே நடத்தினார். அப்பா மறு பேச்சுப் பேசாமல் வால்வை ரெண்டாவது டேங்கிலேயே வைத்து ஓட்டினார்.

டீசல் காணாமல் போகத் தொடங்கியது.

நிரப்பிய அளவுக்கு வண்டி ஓடவில்லை. பாதி தூரத்திலேயே ரெண்டாவது டேங்க் வற்றிவிடும்; வழியில் அதிலேயே மறுபடி கொஞ்சம் ஊற்றித்தான் வண்டி ஊர் வந்து சேரும். முதலாளி ஒரு சவுக்குக் குச்சியில் கத்தியால் கோடு கீறி வைத்துக்கொண்டு, வண்டி வந்ததும் டேங்குக்குள் விட்டுப் பார்ப்பார். மெயின் விளிம்பு வரை இருக்கும். ரெண்டாவதில் குச்சி காய்ந்து வெளியே வரும். அவர் குச்சியைத் துடைத்து வைப்பார். அப்பாவும் ஒன்றும் புரியாமல் நிற்பார்.

நான் திண்டிவனத்தில் அரசுப் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சில நாள் பள்ளி விட்டதும் ஸ்டாண்டுக்கு நடந்து போய், அப்பா வண்டியில் ஊருக்குத் திரும்புவேன். அன்றும் அப்படித்தான் கேபினில் உட்கார்ந்திருந்தேன்; மடியில் பை, கையில் டீக்கடை வடை. அப்பா கீழே நின்று மற்ற டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். முதலாளி புல்லட்டில் வந்து இறங்கினார்.

"எங்கடா வித்த?"

"எத்த மொதலாளி?"

"டீசலத்தான்."

"நான் எடுக்கல மொதலாளி."

முதலாளி அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மூக்கைச் சட்டையில் வைத்து முகர்ந்தார். மாட்டை விலை பேசும்போது வாயைத் திறந்து பல் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"எடுக்கலையா? டீசல் நாத்தம் கொமட்டுது. நான் இந்த வண்டிக்கு ரெண்டு டேங்க் போட்டேன். இவன் ஊட்ல மூணாவது டேங்க் ஒண்ணு போட்டுக்கினு இருக்கான்."

ஸ்டாண்டே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாவும் சிரித்தது. தினமும் அப்பாவோடு ஒரே கிளாசில் டீ பங்கு போட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அப்பா, "எடுக்கல மொதலாளி" என்று திரும்பவும் சொன்னார். அவ்வளவுதான். காலர் அவர் கையில் இருக்கும்போதும் அப்பா 'மொதலாளி' என்றுதான் சொன்னார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, கேபின் கதவைத் திறந்து என்னை இறங்கச் சொன்னார். நாங்கள் பஸ்ஸில் ஊருக்குப் போனோம். வடை என் கையிலேயே இருந்தது. சாப்பிடவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. டீசல் திருடுகிற டிரைவர் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை எந்த ஸ்டாண்டிலும் ஏற முடியாது. விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கப் போனார். வலது தோள் இறங்கிவிட்டது. இன்றும் சட்டையை மாட்டினால் ஒரு பக்கம் தொங்கும். அப்போதும் வீட்டில், "அவரு கோவத்துல பண்ணிட்டாரு. கெட்டவரு கெடையாது" என்பார். அந்த 'ரு' என் காதில் விழும்போதெல்லாம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். எங்கள் குடும்பத்தில் பத்தைத் தாண்டியவர் எனக்கு முன் யாரும் இல்லை. டீச்சர் கம்ப்யூட்டர் எடுக்கச் சொன்னார். நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் வேலை கிடைக்கும் என்றேன். பொய். அந்த டீசல் எங்கே போனது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அது ஒரு சாதாரண வகுப்பில் தெரிந்தது. டீசல் இன்ஜினில் பம்ப் தேவைக்கு மேல் டீசலை இழுக்கும். எரிந்தது போக மிச்சம் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும். அந்தக் குழாய்க்கு ரிட்டர்ன் லைன் என்று பெயர். ஆசிரியர் போர்டில் அம்புக்குறி போட்டார். நான் எழுந்தேன்.

"சார், டேங்க் ரெண்டு இருந்தா?"

"எதுல இருந்து எடுக்குதோ அதுக்கே திரும்பணும்மா. ரெண்டு லைனையும் சேத்து மாத்தற வால்வு போடணும்."

"எடுக்கறத மட்டும் மாத்திட்டு, திரும்பறது மெயின் டேங்குக்கே போனா?"

"மெயின் டேங்க் ஏற்கெனவே ஃபுல்லா இருந்தா வழியும். ப்ரீதர் ஹோஸ் வழியா ரோட்டுல ஊத்தும்." அவர் சிரித்தார். "அப்படி எவனாவது மாட்டுவானா?"

வகுப்பும் சிரித்தது. நான் உட்கார்ந்தேன். மனசுக்குள் பதில் சொன்னேன். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும், சார். அதில் ஒரு வால்வை மிச்சம் பிடித்தவரின் டீசல், வானூரிலிருந்து சென்னை வரை தார்ச் சாலை குடித்தது. டேங்குக்குக் காற்று போக வைத்த ப்ரீதர் ஹோஸ் பின் அச்சுக்கு மேலே முடிந்திருக்கும். வண்டி ஓடும்போது வழிந்தது அடிப்புழுதியில் ஊறியிருக்கும். நின்றால் வழிவதும் நின்றுவிடும். யார் கண்ணிலும் படாது. தினமும் வண்டிக்கு அடியில் படுத்து பட்டையை இறுக்கிய அப்பாவின் சட்டையில் மட்டும் ஒட்டும். அதைத்தான் அந்த ஆள் முகர்ந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"மெக்கானிக்கு அன்னிக்கே சொன்னான்" என்றார் அப்பா. பிறகு, "இப்ப போய்ச் சொன்னா நம்புவாரா? விடும்மா."

நான் விடவில்லை. ஆனால் அடுத்தவர் வண்டிக்கு அடியில் போய் நான் படுக்க முடியாது. காத்திருந்தேன்.

டிப்ளமோ முடித்து விழுப்புரம் பைபாஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். முதலில் பில் போட வைத்தார்கள். பிறகு வண்டி பார்க்க வைத்தார்கள். இப்போது சூப்பர்வைசர். லோடு வண்டிகளின் டேங்க் வேலை எல்லாம் என்னிடம்தான் வரும். டேங்கைத் தாங்குகிற பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர் இல்லாமல் நான் எதையும் மாட்ட விடமாட்டேன். இரும்பும் இரும்பும் உரசினால் ஒரு மழைக்காலத்தில் ஓட்டை விழும். எடுக்கும் குழாய் டேங்கின் அடியைத் தொடக்கூடாது; கொஞ்சம் மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கசடையும் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். கூடுதல் டேங்க் என்றால் ஆர்டிஓ ஆபீசில் ஆர்சி புத்தகத்தில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்வேன். முறைப்பார்கள். நானும் முறைப்பேன்.

அந்த வண்டி ஒரு நாள் உள்ளே வந்தது. ஆளைப் பார்ப்பதற்கு முன் வண்டி அடையாளம் தெரிந்துவிட்டது. கேபின் கதவில் நான் பள்ளிக்கூடத்து காம்பஸால் கீறிய ஒரு பூ இன்னும் இருந்தது. இறங்கியவர் முதலாளி. தலை வெளுத்திருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அதே தோரணை.

"யாரும்மா இங்க மெக்கானிக்கு?"

"நான்தான் சார். சொல்லுங்க."

ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. காலனிப் பிள்ளைகளின் முகத்தை அவர் எப்போது பார்த்தார்?

"டீசல் நிக்க மாட்டேங்குது. டிரைவருங்க எவனும் யோக்கியன் இல்ல. எத்தினி பேர மாத்திட்டேன். எல்லாம் திருட்டுப் பசங்க. கடைசில நானே ஓட்டறேன். அப்பவும் போவுது. பேஜாரா இருக்கு. டேங்க் ஓட்டையோன்னு வெல்டிங் வச்சேன். அப்பவும் போவுது."

நானே ஓட்டுகிறேன், அப்பவும் போகிறது. இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் கனவில்கூட நினைக்கவில்லை. அவரே ஓட்டி, அவரே வழியவிட்டு, அப்போதும் அப்பாவைத் திருடன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்பாவுக்குப் பிறகு எத்தனை பேர் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார்களோ.

வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். இரண்டு குழாய். ஒன்றில் வால்வு, ஒன்றில் இல்லை. ரிட்டர்ன் லைன் நேராக மெயின் டேங்குக்கு. ப்ரீதர் ஹோஸ் முடிகிற இடத்தில் புழுதியும் டீசலும் சேர்ந்து கறுப்புக் களியாகக் கெட்டித்திருந்தது. ஒரு விரலால் தோண்டினேன். அத்தனை வருடமும் அங்கே இருந்தது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆர்சியில் ஏறாத டேங்க் என்று ஆர்டிஓவுக்கு எழுதிப் போட்டிருக்கலாம், அதையும் யோசித்தேன். அபராதம் கட்டிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போய்விடுவார். ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், "ஓ, அப்படியா" என்பார், அவ்வளவுதான். அப்பாவின் பெயர் ஒர்க்‌ஷாப்பில் போகவில்லை. ஸ்டாண்டில் போனது. எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும்.

வெளியே வந்து கையைத் துடைத்தேன்.

"சார், இத்த ரெண்டு டேங்கும் ஃபுல்லா இருக்கும்போது பார்த்தாதான் காட்ட முடியும். ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டையும் நெரப்பிக்கினு திண்டிவனம் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. எனக்கு அங்க ஒரு வேலை இருக்குது."

அந்த வேலையே அவர்தான் என்று நான் சொல்லவில்லை.

அப்பாவைக் கூட்டிப்போவதுதான் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு வேணாம்மா."

"எனக்கு வேணும்ப்பா."

"பெரிய மனுசன சபைல நிக்க வச்சி..."

"உன்ன எங்க நிக்க வச்சாரு?"

ஞாயிற்றுக்கிழமை அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார்.

ஸ்டாண்டில் அதே டீக்கடை. கடைக்கார அம்மாவுக்கு வயதாகியிருந்தது, குரல் மட்டும் அப்படியே. "யாரு, மூணாவது டேங்கா? எவ்ளோ நாளாச்சி, உக்காருண்ணே" என்று அன்பாகத்தான் சொன்னது. அந்த அளவுக்குப் பெயர் ஒட்டிப்போயிருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை.

பிக்கப் வந்து நின்றது. முதலாளி இறங்கினார். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். யாரும் எழச் சொல்லவில்லை. முழங்கால் தானாக எழுந்தது.

"இன்னாடா, உயிரோட இருக்கியா?" என்றார் முதலாளி.

"உக்காருப்பா" என்றேன் நான்.

அந்த 'அப்பா'வில்தான் அவருக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அதற்குள் நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டேன். அப்பா உட்கார்ந்த சீட். சாவி வண்டியிலேயே இருந்தது.

பக்கத்தில் நின்ற டிரைவர் ஒருவரிடம், நான் கொண்டுவந்திருந்த வெள்ளைக் கேனை ப்ரீதர் ஹோசுக்குக் கீழே வைக்கச் சொன்னேன். பீடியையும் அணைக்கச் சொன்னேன். வால்வை ரெண்டாவது டேங்குக்குத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பி, ஆக்சிலேட்டரில் காலை வைத்தேன்.

"இன்னாம்மா பண்ற?" என்றார் முதலாளி.

"காட்றேன் சார். டீ சாப்பிடுங்க."

வண்டி சும்மா நின்று உறுமினால் ஸ்டாண்டில் கூட்டம் சேராமல் இருக்குமா? ஒவ்வொருவராக வந்தார்கள். அன்று சிரித்தவர்களில் சிலர் இருந்தார்கள். எனக்கு முகம் மறக்காது. முதலாளி ஒரு டீ குடித்து முடித்தார். அடியில் களுக் என்று ஒரு சத்தம். சொட்டு விழுந்தது. பிறகு நூல் மாதிரி. பிறகு ஒரு விரல் தடிமனில் கேனுக்குள் இறங்க ஆரம்பித்தது.

"டேய், ஒழுவுது!" என்று யாரோ கத்தினார்கள்.

முதலாளி பதறி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, வண்டிக்கு அடியில் கையை நீட்டினார். ஹோஸைப் பிடித்து அடைக்கப் பார்த்தார். அது அவர் கை வழியாகச் சட்டைக் கையில் ஏறி, முழங்கை வரை நனைத்தது.

"எங்கிருந்து வருது?"

"மெயின் டேங்க்ல இருந்து" என்றேன் ஜன்னல் வழியாக. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ரெண்டாவது டேங்க்ல இருந்து எடுக்குது. மிச்சம் மெயினுக்குத் திரும்புது. மெயின்தான் ஃபுல்லாச்சே, எங்க போவும்? ரோட்டுக்குப் போவும். அன்னிக்கும் இங்கதான் போச்சி. எங்க ஊட்டுக்கு வரல."

டீக்கடை அம்மா முதலாளியின் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்தது.

"இன்னாங்க இது, சட்டையில டீசல் நாத்தம் கொமட்டுது?"

தெரிந்துதான் சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஸ்டாண்ட் சிரித்தது. அன்று கேட்ட அதே சிரிப்பு. எனக்குள் ஏதோ ஒன்று வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி அடங்கியது.

"மாட்டின மெக்கானிக்கு பண்ண வேலை" என்றார் முதலாளி. "அவன் செத்தே போயிட்டான். நான் இன்னா பண்றது?"

அப்போது அப்பா பேசினார். பெஞ்சில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"அவன் ரெண்டு வால்வு கேட்டான் மொதலாளி. கெணத்துல இருந்து எறைக்கிற தண்ணி கெணத்துக்கா திரும்பும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் பக்கத்துல நின்னேன்."

முதலாளி நிமிர்ந்தார். அவருக்கும் நினைவு வந்தது, முகத்தில் தெரிந்தது. கேனில் டீசல் ஏறிக்கொண்டே இருந்தது.

"சரி, வண்டிய நிறுத்து. ஊத்துது பாரு."

"வால்வு என் கையில இருக்கு சார். சொல்ல வேண்டியத சொல்லுங்க, திருப்பறேன்."

"இன்னாத்த சொல்றது?"

"எங்கப்பா எடுத்தாரா, எடுக்கலையா?"

கேபின் கதவைத் திறந்து ஒரு பெண்ணை இழுத்து இறக்க அத்தனை பேர் எதிரில் அவரால் முடியாது. கேனைப் பார்த்தார். தன் கண்ணெதிரே தன் டீசல் வழிவதை அந்த மனுஷனால் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியாது. இரண்டும் எனக்குத் தெரியும்.

"எடுக்கல" என்றார்.

"யாரு சார்?"

"அவன் எடுக்கல. போதுமா?"

நான் ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன். நூல் தடித்தது.

"அவன்னா யாரு சார்? இங்க எங்கப்பாதான் உக்காந்துக்கினு இருக்காரு."

"விடும்மா" என்றார் அப்பா. நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

முதலாளியின் தாடை அசைந்தது. ஒரு எழுத்து. 'ன்'னுக்குப் பதில் 'ரு'. அறுபது வயதைத் தாண்டிய மனுஷனுக்கு அது வாய்க்குள் கல்லாகச் சிக்கியது. கேன் வாய் வரை வந்துவிட்டது. இனி தரையில்தான்.

"அவரு எடுக்கல" என்றார்.

வால்வை மெயினுக்குத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். திடீரென்று ஸ்டாண்டில் பஸ் ஹாரன் சத்தமெல்லாம் கேட்டது. இறங்கி, கேனை மூடி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தேன்.

"இந்தாங்க சார். உங்க மூணாவது டேங்க்."

அடுத்த வாரம் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. வேறு வழியில்லை, பக்கத்தில் அந்த வேலை தெரிந்த ஆள் நான்தான். எடுப்பது, திரும்புவது இரண்டையும் ஒன்றாக மாற்றுகிற வால்வு மாட்டினேன். பழைய பட்டைகளைக் கழற்றி வீசினேன், ரப்பர் வைத்தேன், டேங்கைக் கழுவி அடியில் தேங்கிய கசடை எடுத்தேன், ப்ரீதர் ஹோஸை மேலே ஏற்றிக் கட்டினேன். ஆர்சியில் ஏற்றச் சொல்லி அவரை ஆர்டிஓ ஆபீசுக்கு நடக்க வைத்தேன். நடந்தார். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஒரு சொட்டு ஒழுகினாலும் அவருக்குப் பேச ஒரு காரணம் கிடைத்துவிடும். நான் அதைக் கொடுக்க மாட்டேன்.

ரெண்டாவது டேங்கில் தண்ணீர் சேரும். அவ்வப்போது அடி போல்ட்டைக் கழற்றி வடித்துவிட வேண்டும், டீசல் ஃபில்டர் மாற்ற வேண்டும். அதற்காக அவர் வருகிறார். வந்தால் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்வேன். முன்னால் வந்த வண்டி, பின்னால் வந்த வண்டி எல்லாம் முடித்த பிறகுதான் அவருடைய வண்டி. முணுமுணுக்காமல் உட்கார்ந்திருப்பார். வடித்த தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுவேன். "சரிம்மா" என்பார். ஸ்டாண்டில் இப்போது மூணாவது டேங்க் என்றால் அவர்தான் என்று டீக்கடை அம்மா சொன்னது. அவர் காதுபடவே கூப்பிடுகிறார்களாம்.

வயசான மனுஷன், போதாதா என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். போதாது. அப்பாவின் தோள் இன்னும் இறங்கியேதான் இருக்கிறது.

அப்பாவுக்கு ஸ்டாண்டில் வேறு ஒருவர் வண்டி கொடுத்திருக்கிறார். சின்ன வண்டி, ஒரே டேங்க். மூட்டை தூக்குவதை விட்டுவிட்டார். போன வாரம் மத்தியானம் ஸ்டாண்டிலிருந்து போன் பண்ணினார். பின்னால் டீக்கடைச் சத்தம்.

"எம்மா, உன் கஷ்டமரு அந்தப் பக்கமா வந்துக்கினு இருக்கான்."

"யாருப்பா?"

"அவன்தான்" என்றார் அப்பா.

நான் திருத்தவில்லை. வெளிப் பெஞ்சின் மேல் கிடந்த துணியை மட்டும் எடுத்து உள்ளே வைத்தேன், அவன் உட்கார்ந்து காத்திருப்பதற்கு.